சளிக்கட்டி

நெஞ்சு டாக்டர் என்று சொன்னால் எங்கள் ஊரில் உடனே கையை இடப்பக்கம் வைத்துக்கொள்வார்கள். "ஹார்ட்டுங்களா?" இல்லை, நுரையீரல் என்பேன். அந்த முகம் அப்படியே வாடிப்போகும். "ஓ... சளிக்குப் பாக்கறவங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் பேசப் போய்விடுவார்கள். கல்யாணப் பந்தியில், பஸ்ஸில், வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வராண்டாவில், எங்கே போனாலும் இதே கதைதான். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் அம்மாவுக்கே இன்றுவரை என்மேல் ஒரு குறை உண்டு. "இவ்ளோ படிச்சவ, இன்னும் ரெண்டு வருஷம் படிச்சு ஹார்ட் டாக்டரா ஆயிருக்கலாம் இல்ல?" என்பாள். அம்மா தாயே, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் ஒரே படிப்புதான், நான்தான் இதை ஆசைப்பட்டு எடுத்தேன் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. இப்போது யார் கேட்டாலும், ஆமாங்க, சளி டாக்டர்தான் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் சளி என்பது எல்லாவற்றையும் போட்டுக் கட்டும் மூட்டை. இருமினால் சளி. மூச்சு வாங்கினால் சளி. முதுகு வலித்தால் "சளி கட்டிக்கிச்சு". எக்ஸ்ரேயில் வெள்ளையாக எது தெரிந்தாலும் சளி. டி.பி.யும் சளி, நிமோனியாவும் சளி. யாராவது வாயைத் திறந்து வேறு பெயர் சொல்லும்வரை கேன்சரும் சளிதான். இந்த ஒரு சொல்லோடு நான் மல்லுக்கட்டுகிற அளவுக்கு நோயோடுகூட மல்லுக்கட்டுவதில்லை.

என் வேலை எனக்கு நன்றாகத் தெரியும். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. தச்சருக்கு மரம் தெரிவதில் கர்வம் என்ன, அடக்கம் என்ன? சென்னையில் பயிற்சி எடுத்த முதல் காலத்தில் விலா எலும்புகளை விலக்கிப் பிடிக்கும் கொக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் எனக்கு வேலை. கால் மரத்துப்போகும், பசி மறந்துபோகும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அப்படி நின்று நின்று பார்த்ததில்தான் நுரையீரல் பிடிபட்டது. வலப்பக்கம் மூன்று பகுதி, இடப்பக்கம் இரண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகக் காற்றுக்குழாய், தனித்தனியாக ரத்தக் குழாய். கேன்சர் ஒரு பகுதிக்குள் அடங்கியிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் அதன் குழாய்களோடு கட்டி எடுத்துவிடலாம். மற்றவை கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் அந்த ரத்தக் குழாய் இருக்கிறதே, அதன் சுவர் ஊறவைத்த வேர்க்கடலையின் தோல் மாதிரி. விரல் கொஞ்சம் அவசரப்பட்டால் உரிந்துவிடும். உரிந்தால் கண்ணை மூடித் திறப்பதற்குள் நெஞ்சுக்குள் குளம் கட்டிவிடும். நான் வேர்க்கடலைக் காட்டில் பிறந்தவள். தோல் கிழியாமல் பருப்பை எடுக்க என் விரலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கூடப் படித்த பையன்கள் எல்லாம் அந்தக் குழாய்க்குப் பின்னால் விரலை விடும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். நான் பாட்டுக்கு விட்டு, நான் பாட்டுக்கு எடுப்பேன்.

ஆனால் கை சீக்கிரம் பழகிவிடும். யாருக்குக் கத்தி வைக்கலாம், யாருக்கு வைக்கக் கூடாது என்று பழகத்தான் வருஷங்கள் ஆகின்றன. முழுசாக எடுக்க முடியுமா என்பது முதல் கேள்வி. அதற்கு ஸ்கேன் பதில் சொல்லும். எடுத்த பிறகு மிச்சமிருப்பதை வைத்துக்கொண்டு இந்த மனுஷர் மூச்சுவிட்டு நடந்து குளித்து வாழ்வாரா என்பது அடுத்த கேள்வி. அதற்கு ஊதிப் பார்க்கும் மெஷின் இருக்கிறது. சென்னையில் மாடிப்படி ஏறச் சொல்லியும் பார்ப்போம். நான் திருவண்ணாமலைக்கு வந்த பிறகு மாடிப்படியை விட்டுவிட்டேன். ஊருக்கு நடுவில் இவ்வளவு பெரிய மலை இருக்கும்போது எனக்கு எதற்கு மாடிப்படி?

"கிரிவலம் போவீங்களா? முதல்ல எங்க உக்காருவீங்க?" இதுதான் என் கேள்வி. மலையைச் சுற்றிப் பதினாலு கிலோமீட்டர், வழியில் எட்டு லிங்கங்கள். ஆரம்பத்திலேயே வரும் அக்னி லிங்கத்தில் உட்கார்ந்துவிட்டேன் என்றால் யோசிப்பேன். நிருதி லிங்கம் தாண்டினேன் என்றால் மனசில் ஒரு டிக். கிட்டத்தட்ட கடைசியில் வரும் குபேர லிங்கம் வரைக்கும் உட்காரவே இல்லை என்றால், மெஷின் சொல்வதற்கு முன்பே எனக்குத் தைரியம் வந்துவிடும். ஒரு தடவை, பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் பிளாஸ்டிக் விரிப்பு விற்கும் பாய் ஒருவரிடம் யோசிக்காமல் இதைக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரித்தார். "நான் சுத்தறதில்லம்மா. ஆனா நடக்கறவங்களுக்கு விக்கணும்னா அவங்களவிட வேகமா நடக்கணும் இல்ல?" என்றார். அவருக்கு நுரையீரல் குதிரை மாதிரி இருந்தது.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், ஒரு அம்மாவும் மகனும் நடத்தும் இட்லிக் கடை இருக்கிறது. பெயர்ப் பலகை உண்டு, ஆனால் எல்லாருக்கும் அது கடைக்காரம்மா கடைதான். அந்தக் கடையின் வேர்க்கடலைச் சட்னிக்காகவே நான் வண்டியைத் திருப்புவேன். சட்னிக்கு அடுத்தபடி அங்கே பிரசித்தம் அம்மாவும் மகனும் போடும் சண்டை. உப்பு ஜாஸ்தி என்று அவன் சொல்வான், உன் நாக்கு செத்துப்போச்சு என்று அவர் சொல்வார். ஆவி வருவதற்குள் தட்டை ஏன் எடுத்தாய் என்று அவர் கத்துவார், ஆள் நிக்குது கண்ணு தெரியலயா என்று இவன் கத்துவான். அதே வாயோடு, "சாப்டியாடா?" என்பார். புதிதாக வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, போலீசைக் கூப்பிட வேண்டுமா என்று என்னிடம் பயந்துபோய்க் கேட்டிருக்கிறாள். சாப்பிடும்மா, இது இங்கே தாளிக்கிற சத்தம் என்று சொன்னேன்.

அங்கேதான் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அந்த இருமலைக் கேட்டேன். வறட்டு இருமல். சண்டைக்கு நடுவில் வாக்கியத்தை வெட்டிக்கொண்டு வந்தது. கடைக்காரம்மா இருமி முடித்து, விட்ட இடத்திலிருந்து மகனைத் திட்ட ஆரம்பித்தார்.

"எவ்ளோ நாளா இருக்கும்மா இது?"

"சளிதான். தைப்பூசத்துலேருந்து இருக்குது. மெடிக்கல்ல ஒரு பாட்டில் வாங்கிக் குடிச்சிகினு இருக்கேன்."

அப்போது சித்திரை முடிந்திருந்தது.

"ரத்தம் ஏதாவது வந்துச்சா?"

"ஒரே ஒரு தடவ. வெத்தல போட்டதோ இன்னாவோ."

இட்லித் தட்டை அப்படியே வைத்துவிட்டு, நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரியில் இருக்கணும் என்றேன். கடையை யார் பார்ப்பது என்றார். நான் வந்து பார்க்கிறேன், நீங்கள் போய் எக்ஸ்ரே எடுங்கள் என்றேன். மகன் சிரித்தான். மறுநாள் இரண்டு பேரும் வந்தார்கள்.

வலது நுரையீரலின் மேல் பகுதியில், ஒரு கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஓரம் எல்லாம் முள்ளு முள்ளாக ஒன்று இருந்தது. ஊசி விட்டுச் சதை எடுத்துப் பரிசோதித்தோம். கேன்சர். பீடி சிகரெட் பிடிக்காதவர், வெற்றிலையைத் தவிர ஒரு பழக்கம் கிடையாது. வாழ்க்கை முழுக்க விறகடுப்புப் புகையில் நின்றவர். அதுதான் காரணமா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. முழு உடம்பு ஸ்கேனும் எடுத்துப் பார்த்தாயிற்று. வேறு எங்கும் போகவில்லை, கேன்சர் முதலில் பரவும் நெறிக்கட்டிகளும் சுத்தம். எனக்கு உள்ளுக்குள் குதிக்க வேண்டும்போல இருந்தது. இந்த நிலையில் நோயாளி என் கைக்கு வருவது அபூர்வம். பெரும்பாலும் எல்லாச் சளி மருந்தும் குடித்து முடித்து, குரல் கம்மி, எடை இறங்கி, நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டிய நேரத்தில்தான் வருவார்கள். இவருக்கு இப்போது எடுத்தால் முழுசாக எடுத்துவிடலாம். சில மாதம் தள்ளினால் கதையே வேறு.

மகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டான். அழுது முடித்து அவன் சொன்ன முதல் வார்த்தை இது.

"மேடம், அம்மாகிட்ட அந்தப் பேரை மட்டும் சொல்லிடாதீங்க. எங்கப்பாவுக்கு வயித்துல வந்துச்சு. தெரிஞ்ச அன்னியிலேருந்து அவருக்குச் சோறு எறங்கல. அப்படியே போயிட்டாரு. அம்மாகிட்ட நான் சளி கெட்டியாயி கட்டியாயிடுச்சு, சளிக்கட்டின்னு சொல்லிக்கறேன்."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்கறியா?" என்று கேட்டேன். "நானா போயி சொல்ல மாட்டேன். ஆனா அவங்க என்னைக் கேட்டா மறைக்க மாட்டேன். என்ன வியாதின்னு தெரியாதவங்க நெஞ்சுல நான் கத்தி வைக்கறதும் இல்ல."

அவன் தலையாட்டினான். வெளியே போய்ச் சளிக்கட்டி என்று சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்த்திருக்க வேண்டும், எதிர்பார்த்தும்தான் இருந்தேன். ஆபரேஷன் என்றதும் கடைக்காரம்மா சிரித்தார். என் முகத்துக்கு நேரே, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஏம்மா, சளிக்கு யாராவது வெலா எலும்ப விலக்குவாங்களா? மாவுல கல்லு கெடந்தா கல்லத்தான் எடுப்பாங்க. குண்டானையே அறுப்பாங்களா? கற்பூரவள்ளி, சுக்கு, மெளகு போட்டுக் காய்ச்சிக் குடிச்சா கரைஞ்சிட்டுப் போவுது. நீ படிச்சதுக்கு எதையாச்சும் அறுக்கணும்னு பாக்கற."

அவர் பேசியதில் ஒரு தப்பும் இல்லை. சளிக்கு நெஞ்சைத் திறப்பவளைச் சேர்த்துக்கொள்ளக் கூடாதுதான். சளி என்று சொல்லிவிட்டு ஆபரேஷனுக்கு வா என்றால் புத்தியுள்ள எந்தப் பொம்பளை வருவாள்? மகன் கெஞ்சினான், காலில் விழாத குறை. எவ்வளவு கெஞ்சினானோ அவ்வளவு அவர் முறுக்கிக்கொண்டார். கேன்சர் என்ற வார்த்தை அவரைக் கொன்றுவிடும் என்று அவன் பயந்தான். சளி என்ற வார்த்தைதான் அவரைக் கொல்லப் பார்த்தது. எனக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. வாரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கடைக்குப் போய்ப் போய் நின்றேன். அடுப்படியில் கற்பூரவள்ளித் தொட்டிகள் மட்டும் பெருகிக்கொண்டு போயின.

கடைசியில் அவரே வழி செய்தார். "எனக்கு நெஞ்சு கெட்டுப்போச்சுன்னு சொல்றியே, ஞாயித்துக்கிழமை என்கூட மலை சுத்த வா. யாருக்கு மூச்சு வாங்குதுன்னு பாத்துடலாம்" என்று சவால் விட்டார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. எனக்கும் அவருடைய மூச்சைப் பார்க்க வேண்டும். சரி என்றேன்.

விடிந்தும் விடியாத நேரத்தில் செங்கம் ரோட்டிலிருந்து நடக்க ஆரம்பித்தோம். செருப்பு இல்லாமல் நடந்து எனக்கு வெகுகாலமாகிவிட்டது. சின்னக் கல்லெல்லாம் காலுக்குள் ஏறியது. அவர் ரோடு தன் வீட்டுக் கூடம் மாதிரி நடந்தார். நடந்துகொண்டே பேசினார். மாவு புளிக்காதது, கேஸ் சிலிண்டர் வராதது, பக்கத்து கஃபேக்காரன் இட்லிக்கு வெண்ணெய்ப்பழம் வைத்துத் தருவது என்று நிறுத்தாமல் பேசினார். இருமல் வந்தது, நின்று இருமினார், மறுபடி நடந்தார். நிருதி லிங்கம் தாண்டியும் அவர் குரல் இறங்கவில்லை. நான்தான் 'உம்' கொட்டுவதற்கும் மூச்சைச் சேர்த்துவைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். இந்த நெஞ்சு ஆபரேஷனைத் தாங்கும் என்று அங்கேயே எனக்கு நிச்சயமாகிவிட்டது. தாங்க வேண்டியவர் மட்டும் சம்மதிக்கவில்லை.

ஆதி அண்ணாமலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு மூலிகைச் சூப் வண்டி. "தூதுவள சூப்புமா, சளிக்கு நல்லது" என்றார் வண்டிக்காரர். கடைக்காரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒன்று வாங்கிக்கொண்டு, "பாரு, அறுக்காம கொள்ளாம சளிக்கு மருந்து" என்று ஒரு வாய் குடித்தார். பிறகு கிளாஸைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா, நீ அடிக்கடி வர்றவ. ஒண்ணு கேக்கறேன். என் புள்ள இப்பல்லாம் என்கிட்ட சண்டையே போட மாட்டேங்கறான். நான் இன்னா திட்டினாலும் சரிம்மா, சரிம்மாங்கறான். நேத்து சாம்பார்ல உப்பு கம்மி, எனக்கே தெரியுது. நல்லா இருக்குதும்மான்னு சொல்லிட்டுப் போறான். கடைய வித்துட்டு எங்கியாச்சும் போவப் போறானா? இல்ல, என்னை எங்கியாச்சும் வுட்டுடப் போறானா? உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். "அவன் எங்கயும் போகல. பயந்துபோயிருக்கான். உங்களுக்கு வந்திருக்கறது சளி இல்லம்மா. கேன்சர்."

அவர் ரோட்டோரத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். பாதிச் சூப்போடு கிளாஸைப் பக்கத்தில் வைத்தார். முகத்தில் ரத்தமே இல்லை. இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒரு தடவைகூட அது பழகியதில்லை.

"இந்த எடத்துல நான் உக்காந்ததே இல்ல" என்றார். பிறகு, "எனக்குப் பயமா இருக்குது டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு அழுதார். சத்தம் போட்டே அழுதார். நடந்துபோனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், சாமிக்கு வேண்டிக்கொண்டு அழுகிறார் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

அழுகை நின்றதும் முந்தானையால் மூக்கைச் சிந்தினார். "கத்தி வச்சா பரவிடும்னு சொல்றாங்களே?"

"கத்தி வச்சதால பரவறது இல்ல. கத்தி வைக்காம நாளைக் கடத்திட்டு, பரவினதுக்கு அப்புறம் வந்தா, கத்தி மேல பழி போடறாங்க. உங்களுக்கு ஒரே எடத்துல இருக்குது. முழுசா எடுத்துடுவேன்."

"எடுத்துடுவியா?"

"எடுத்துடுவேன். அது என் வேலை. எனக்கு நல்லாத் தெரியும்."

அவர் என்னை ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தார். கருவேப்பிலை வாங்கும்போது வாடலா புதுசா என்று பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு எழுந்தார். "பாதில வுடக்கூடாது, நட" என்றார். வாயு லிங்கம் வரைக்கும் விறுவிறுவென்று நடந்தார். அங்கே போனதும் திடீரென்று, "சளிக்கட்டியாம் சளிக்கட்டி! நாலு தொட்டி கற்பூரவள்ளிய மொட்டை அடிச்சிட்டேன்டா பாவி!" என்று கூட இல்லாத மகனைத் திட்ட ஆரம்பித்தார். குபேர லிங்கம் வரைக்கும் திட்டினார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

அடுத்த வாரமே ஆபரேஷன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, நல்ல ஆபரேஷனில் சொல்வதற்கு அதிகம் இருக்கக் கூடாது. விலாக்களுக்கு நடுவே ஒரு கை போகும் இடம். மேல் பகுதியின் ரத்தக் குழாய்களை ஒவ்வொன்றாகக் கட்டினேன். வேர்க்கடலைத் தோல் கிழியவில்லை. காற்றுக்குழாயை மூடி, அந்தப் பகுதியை எடுத்துத் தட்டில் வைத்தபோது, மயக்க மருந்து டாக்டர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மிச்சமிருந்த நுரையீரலுக்குள் காற்றை விட்டார். அது மெதுவாக, இளஞ்சிவப்பாக, மேலே எழும்பி வந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் அந்தக் காட்சி எனக்கு அலுப்பதில்லை.

வம்பு அதற்குப் பிறகுதான் வந்தது. நுரையீரல் ஆபரேஷன் முடிந்தவர் கட்டாயம் இரும வேண்டும். உள்ளே சேர்வதை இருமி வெளியே தள்ளாவிட்டால் அது குழாயை அடைத்துக்கொள்ளும், அடைத்தால் மிச்ச நுரையீரல் சுருங்கிவிடும், பிறகு காய்ச்சல், நிமோனியா. உள்ளே சேர்வது எது? சளி. ஆமாம், இந்தத் தடவை நிஜமான சளி. கடைக்காரம்மா இரும மறுத்துவிட்டார். வலி. விலாவைப் பிடித்துக்கொண்டு மேல்மூச்சாக விட்டுக்கொண்டு படுத்திருந்தார். பிசியோதெரபிப் பெண் கெஞ்சினாள், நர்ஸ் அதட்டினார், வலி மருந்தைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தேன். "விடும்மா, வலிக்குது" என்று கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் நாள் காலை எக்ஸ்ரேயில் வலது பக்கம் அடியில் வெள்ளை ஏறியிருந்தது. ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டிருந்தது. என் கை செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டது, இனி இந்தப் பொம்பளை ஒரு இருமல் இரும வேண்டும், அதற்கு மனசு வைக்க மாட்டேன் என்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. குழாய் விட்டு உறிஞ்சி எடுக்க ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மகன் கதவோரம் நின்றிருந்தான். உள்ளே எட்டிப் பார்த்து, தேனில் தோய்த்த குரலில், "கொஞ்சம் இரும்பும்மா, எங்கம்மா இல்ல..." என்றான். பயத்தில் இருமு என்பது இரும்பு ஆகிவிட்டது. அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது.

"டேய், இப்படிப் பேசினா அவங்க எப்படி இருமுவாங்க? போயி சண்டை போடு."

"மேடம்?"

"வழக்கமா போடுவியே, அந்தச் சண்டை. போ."

"ஆபரேஷன் ஆனவங்ககிட்ட எப்படி மேடம்..."

"போடலன்னா நான் போடுவேன். என்னால உங்கம்மாகிட்ட ஜெயிக்க முடியாது. போ!"

ஒரு தலையணையை எடுத்துக்கொண்டு நான் கட்டிலுக்கு வலப்பக்கம் போய் நின்றேன். அவன் கால்மாட்டில் நின்று எச்சிலை விழுங்கினான்.

"அம்மா, கடையத் தொறந்துட்டேன்."

"உம்."

"சட்னிக்கு... வேர்க்கடல வறுக்க ஆள் இல்ல. பொட்டுக்கடலைய போட்டுட்டேன்."

கடைக்காரம்மாவின் கண் திறந்தது.

"தேங்காயும் கம்மி பண்ணிட்டேன். மிச்சத்துக்குச் சட்னிப் பவுடர்னு ஒண்ணு விக்குது, ரெண்டு பாக்கெட்டு வாங்கிக் கலந்துட்டேன்." அவனுக்கே சூடு பிடித்துவிட்டது. "எல்லாரும் நல்லா இருக்குதுன்னுதான் சொல்றாங்க. இத்தினி வருஷமா கடலைய வறு, தோலை எடுன்னு சும்மா என் உயிர வாங்கினே!"

அவர் தலையைத் தூக்கினார். இரண்டு நாளாக மேல்மூச்சு மட்டுமே விட்டவர், நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்தார். எனக்கு வேண்டியது அந்த ஒரு மூச்சுதான். தலையணையை அவர் விலாவோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடா சொன்ன? பவுடரா? என் கடையிலயா? அடப்பாவி, நீ உருப்புடுவியா..." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. இருமல் வந்தது. அடிவயிற்றிலிருந்து, கட்டிலே ஆடும்படி வந்தது. நர்ஸ் கிண்ணத்தை நீட்டினார். கெட்டியாக, பழுப்பாக, ஒரு கட்டி மாதிரி விழுந்தது. அவர் ஒரு தடவை மூச்சை வாங்கிக்கொண்டு, "...நாசமாப் போறவனே" என்று வாக்கியத்தை முடித்துவிட்டு, மறுபடி இருமினார். நான் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். காலையில் கல் மாதிரி கிடந்த அந்த அடிப்பக்கத்தில் காற்று போகும் சத்தம் கேட்டது. குழாய் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

மகன் வெளியே ஓடிப்போய் வராண்டா மூலையில் குந்தி உட்கார்ந்து அழுதான். கடை ஆபரேஷன் அன்றிலிருந்து பூட்டியே கிடந்தது. ஒரு பாக்கெட் பவுடரும் அவன் வாங்கவில்லை. அந்தப் பொய்க்கு மட்டும் நான் உடந்தை.

எடுத்த பகுதியின் பரிசோதனை முடிவும் நன்றாகவே வந்தது. ஓரங்கள் சுத்தம், நெறிக்கட்டிகள் சுத்தம். இப்போதைக்கு வேறு மருந்து வேண்டாம், ஒழுங்காக வந்து காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

கடைக்காரம்மா மறுபடி காட்ட வந்த அன்று காலை, செங்கம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை அவர் மகள் அழைத்துவந்திருந்தாள். அப்பாவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு அவள் மட்டும் உள்ளே வந்து, "டாக்டர், அப்பாவுக்குச் சளின்னு சொல்லி வச்சிருக்கோம்" என்று ஆரம்பித்தாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வராண்டாவில் சத்தம் கேட்டது. ஆட்டோவை எங்கே நிறுத்தச் சொன்னோம் என்று ஒரு அம்மாவும் மகனும் அடித்துக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்காமல், ஒரே மூச்சில், நீளமான வசவு. எக்ஸ்ரே எடுக்க வேண்டும்தான், எடுக்கவும் எடுத்தேன். ஆனால் அந்த வசவிலேயே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. எழுந்து கதவைத் திறந்தேன்.

பெரியவர் நகர்ந்து கடைக்காரம்மாவுக்கு இடம் கொடுத்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கும் சளிங்களா?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

"சளி இல்லீங்க. கேன்சர்" என்றார் கடைக்காரம்மா, அடுப்படியிலிருந்து கடைசி மேசைக்குச் சொல்லும் அதே குரலில். "இந்தம்மா எடுத்துட்டாங்க."

பெரியவர் தன் மடியிலிருந்த எக்ஸ்ரே உறையைப் பார்த்தார். பிறகு என் பின்னால் நின்ற மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கும் அதானாம்மா?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடைக்காரம்மா பெரியவரின் முழங்கையைப் பிடித்து எழுப்பிவிட்டு, என் அறைப் பக்கம் கையைக் காட்டினார்.

"நீங்க மொதல்ல போங்க. போயி கேளுங்க. எனக்கு ஒண்ணியும் அவசரம் இல்ல."